காசோலை ஸ்கேனர்: தாள் நின்ற இடத்திலிருந்து பணம் வந்து சேரும் வரை

காசோலை பணமாக மாற வேண்டுமானால், அதை எழுதியவரின் வங்கி அதைப் பார்த்தாக வேண்டும். பல பத்தாண்டுகளாக இதற்காகத் தாளே பயணம் செய்தது. பைகளில் கட்டப்பட்டு வேன்களிலும் ரயில்களிலும் விமானங்களிலும் ஊர் ஊராகப் போனது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்காவில் சில நாட்கள் விமானங்கள் பறக்கவில்லை. காசோலை மூட்டைகளும் நகரவில்லை. கணக்குகளில் பணம் இருந்தும் அது கைமாற வழியில்லாமல் போனது. அந்த அனுபவம் தந்த அழுத்தத்தில் உருவான ‘செக் 21’ சட்டம் 2003 அக்டோபர் 28 அன்று கையெழுத்தாகி, சரியாக ஓராண்டு கழித்து நடைமுறைக்கு வந்தது. காசோலையின் படத்திலிருந்து உரிய முறையில் அச்சிடப்பட்ட மாற்றுத் தாளுக்கு, மூலக் காசோலைக்கு உள்ள சட்ட மதிப்பை அது கொடுத்தது.

இந்தியா வேறு வழியில் அதே இடத்துக்கு வந்தது. மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் 2002இல் செய்யப்பட்ட திருத்தம் காசோலையின் மின்னணுப் படத்தை ஏற்றுக்கொண்டது. 2008 பிப்ரவரியில் புது தில்லியிலும், 2011 செப்டம்பரில் சென்னையிலும், 2013 ஏப்ரலில் மும்பையிலும், தாளுக்குப் பதிலாகப் படத்தை அனுப்பும் சி.டி.எஸ். (Cheque Truncation System) முறை தொடங்கியது. பிரிட்டனில் படத்தைக் கொண்டே காசோலையைத் தீர்க்கும் படவழித் தீர்வு 2017 அக்டோபர் 30 அன்று தொடங்கியது.

இந்த மாற்றங்களுக்கெல்லாம் பொதுவான கருத்து ஒன்று உண்டு. தாளை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, அங்கிருந்து படத்தையும் தகவலையும் மட்டும் அனுப்புவது. நிறுத்துகிறவர் யாரோ அவர்தான் இனி அந்தத் தாளுக்குப் பொறுப்பு. ஸ்கேனர் வாங்கும் பல நிறுவனங்கள் இதை உணர்வதில்லை. ஒரு படக்கருவி வாங்கியதாகவே நினைக்கின்றன. உண்மையில் அதுவரை வங்கியின் கவுன்டரில் இருந்த பொறுப்பில் ஒரு பங்கு அவர்கள் மேசைக்கு வந்துவிடுகிறது. கீழே வரும் ஒவ்வொரு படியையும் இந்தக் கோணத்தில் படித்தால், ஏன் இவ்வளவு கவனம் என்ற கேள்வி எழாது.

கருவிக்குள் என்ன நடக்கிறது

காசோலை ஸ்கேனரின் வழி குதிரை லாட வடிவிலோ நேர்கோட்டிலோ இருக்கும். காசோலைகளை நிறுத்தி அடுக்கியதும் உருளைகள் ஒவ்வொன்றாக உள்ளே இழுக்கின்றன. இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டு போனால் அதை மீயொலி உணரியோ தடிமன் உணரியோ கண்டுபிடித்து நிறுத்துகிறது. அடுத்து வருவது காந்தம். அதன் பிறகு வாசிப்புத் தலை. அதன் பிறகு இருபுறமும் விளக்கும் பட உணரிகளும். பல கருவிகளில் ஒரு சிறு இங்க்ஜெட் அச்சு முனையும் உண்டு; அது காசோலையின் பின்புறம் தேதி, வரிசை எண், வங்கியின் பெயர் போன்றவற்றைப் பதிக்கும். கடைசியில் தாள் தட்டில் விழுகிறது. பெரிய கருவிகளில் இரண்டு தட்டுகள் இருக்கும். சரியாக வாசிக்கப்பட்டவை ஒன்றிலும், சந்தேகத்துக்குரியவை மற்றொன்றிலும் விழும்.

இந்தப் பயணத்தில் என்னை எப்போதும் வியக்க வைப்பது அந்தக் காந்த வாசிப்புதான். காசோலையின் அடியில் விசித்திரமான வடிவில் எண்கள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த மையில் இரும்பு ஆக்சைடு கலந்திருக்கிறது. ஸ்கேனர் முதலில் அந்த எழுத்துகளைக் காந்தமேற்றுகிறது. பிறகு அவை வாசிப்புத் தலையைக் கடக்கும்போது ஒவ்வொரு எழுத்தும் தனக்கே உரிய ஒரு மின் அலையை எழுப்புகிறது. எழுத்தின் எந்தப் பகுதியில் மை அதிகம், எந்தப் பகுதியில் குறைவு என்பதைப் பொறுத்து அலையின் வடிவம் மாறும். அந்த எண்கள் அவ்வளவு விநோதமாக வரையப்பட்டதற்குக் காரணமே ஒன்றின் அலை மற்றொன்றோடு குழம்பக்கூடாது என்பதுதான். இதனால் எண்களின் மேல் முத்திரை விழுந்தாலும், பேனாக் கோடு ஓடினாலும், கறை படிந்தாலும் வாசிப்பு பெரும்பாலும் கெடுவதில்லை. அந்த மைகளில் காந்தம் இல்லை. தலைக்கு அவை தெரிவதே இல்லை.

இந்தியா, அமெரிக்கா, பிரிட்டன், கனடா போன்ற நாடுகள் பயன்படுத்துவது இ-13பி என்னும் எழுத்துரு. அமெரிக்க வங்கியாளர் சங்கம் 1958இல் இதை ஏற்றுக்கொண்டது. 10 எண்களும் 4 குறிகளுமாக மொத்தம் 14 வடிவங்கள் மட்டுமே இதில் உண்டு. ஓர் அங்குலத்துக்கு 8 எழுத்து என்பது அளவு. பிரான்ஸ் முதலிய நாடுகளில் சிஎம்சி-7 என்ற வேறொன்று வழங்குகிறது. அதில் ஒவ்வொரு எழுத்தும் ஏழு செங்குத்துக் கோடுகளால் ஆனது. கோடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி அகலமா குறுகலா என்பதைக் கொண்டு கருவி எழுத்தை அறிகிறது. ஸ்கேனர் வாங்கும்போது உங்கள் நாட்டின் எழுத்துருவை அது வாசிக்குமா என்பதை முதலில் கேளுங்கள்.

நல்ல கருவிகள் இதோடு நிற்பதில்லை. காந்தத் தலை வாசித்ததையும், படத்தில் கண்ணால் பார்ப்பது போலப் படித்ததையும் ஒப்பிடுகின்றன. இரண்டும் ஒத்துப்போனால்தான் நம்பிக்கை. படத்தில் எண்கள் தெளிவாகத் தெரிந்தும் காந்தத் தலைக்கு எதுவும் கேட்கவில்லை என்றால் எச்சரிக்கையாக இருங்கள். சாதாரண லேசர் அச்சில் எடுத்த போலிக் காசோலையாக அது இருக்கக்கூடும். காந்த மை இல்லாமல் அச்சிட்ட உண்மைக் காசோலையாகவும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் ஒரு மனிதர் அதை எடுத்துப் பார்க்க வேண்டும்.

எந்தக் கருவி யாருக்கு

இதில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. நாளுக்குச் சில காசோலைகள் மட்டுமே வரும் அலுவலகத்துக்கு, ஒவ்வொன்றாக நுழைக்கும் சிறு கருவி போதும். ஐம்பது, நூறு என வந்தால் தானே இழுத்துக்கொள்ளும் அடுக்குத் தட்டு வேண்டும். வங்கிக் கிளைகளிலும் மையப் பிரிவுகளிலும் நிமிடத்துக்கு நூறு காசோலைகளுக்கு மேல் வாசிப்பவை பயன்படுகின்றன. பனினி, டிஜிட்டல் செக், கேனன், எப்சன் ஆகியவை இந்தத் துறையில் நெடுங்காலமாகக் கருவி செய்பவர்கள்.

வேகத்தைப் பார்த்து மயங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நூறு காசோலை ஒரு நிமிடத்தில் ஓடி முடியும். வாசிக்கப்படாத ஐந்தைச் சரிசெய்ய அதைவிடப் பல மடங்கு நேரம் ஆகும். அதனால் வாசிப்புத் துல்லியமும், இரட்டைத் தாளைக் கண்டுபிடிக்கும் திறனும், சுத்தம் செய்ய எளிதாகத் திறக்கும் மூடியும்தான் முக்கியம். புற ஊதா விளக்கு உள்ள கருவி, காசோலைகளைப் பெருமளவில் வாங்கும் வங்கிக்குக் கட்டாயம் தேவை. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். கருவியை வாங்கும் முன் உங்கள் வங்கியின் மென்பொருள் அதை ஏற்குமா என்று எழுத்தில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். ஏற்காத கருவி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பயனில்லை.

வங்கியோடு முதலில் பேசி முடிக்க வேண்டியவை

வணிக நிறுவனம் தன் இடத்திலிருந்தே காசோலையை ஸ்கேன் செய்து வங்கிக்கு அனுப்புவதைத் தொலைதூர வைப்பு என்கிறார்கள். அமெரிக்காவில் இது பரவலான வழக்கம். இந்தியாவில் ஸ்கேன் செய்வது பெரும்பாலும் வங்கியின் வேலை. எங்கே என்றாலும் ஓர் ஒப்பந்தம் இருக்கும். ஒரு நாளில் எவ்வளவு தொகை வரை அனுப்பலாம், அன்றைய கணக்கில் சேர எத்தனை மணிக்குள் அனுப்ப வேண்டும், மூலத் தாளை எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும், ஒரே காசோலை இருமுறை போய்விட்டால் நட்டம் யாருடையது — இந்த நான்கையும் அதில் தேடிப் படியுங்கள். நான்காவதில் பெரும்பாலும் உங்கள் பெயர்தான் இருக்கும்.

ஊழியர்களுக்குத் தனித்தனிப் பயனர் பெயர் கொடுங்கள். ஸ்கேன் செய்கிறவர் ஒருவர், சரிபார்த்து அனுப்புகிறவர் இன்னொருவர் என்று பிரித்துவிடுங்கள். இருவர் மட்டுமே வேலை பார்க்கும் அலுவலகத்திலும் இதைச் செய்ய முடியும், செய்தாக வேண்டும்.

முதல் படி: தாளைத் தயார் செய்தல்

ஸ்கேன் வேலையின் வெற்றி பாதிக்கு மேல் இங்கேதான் தீர்மானமாகிறது. ஸ்டேப்ளர் ஊசி, குண்டூசி, கிளிப் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். ஒரே ஒரு ஊசி உள்ளே போனால் பட உணரியின் கண்ணாடியில் கீறல் விழும். அந்தக் கீறல் அதன் பிறகு வரும் எல்லாக் காசோலைகளிலும் நீளக் கோடாகத் தெரியும். மடிந்த ஓரங்களை நிமிர்த்துங்கள். கிழிந்த காசோலையை ஒட்டுத்தாள் போட்டு நுழைக்காதீர்கள். பசை உருளையில் பிடித்துக்கொள்ளும். அப்படிப்பட்டதை வங்கி சொல்லும் வேறு வழியில் கொடுங்கள்.

அடுத்து ஒவ்வொன்றையும் ஒருமுறை கண்ணால் பாருங்கள். தேதி செல்லுமா, பெறுநர் பெயர் சரியா, எண்ணிலும் எழுத்திலும் தொகை ஒன்றா, கையொப்பம் இருக்கிறதா, பின்புறம் மேலெழுத்து (பெறுநரின் கையொப்பம்) வேண்டுமா? இந்தியாவின் சி.டி.எஸ். முறையில் தேதி தவிர மற்ற எதிலும் அடித்துத் திருத்திய காசோலை ஏற்கப்படுவதில்லை. திருத்தியவர் கையொப்பமிட்டிருந்தாலும் பயனில்லை. அதை ஸ்கேன் செய்து அனுப்பித் திரும்பப் பெறுவதைவிட, அங்கேயே ஒதுக்கிவைத்து எழுதியவரிடம் புதிய காசோலை கேட்பது நல்லது.

முத்திரை விஷயத்திலும் கவனம் தேவை. தேதி, பெயர், தொகை, கையொப்பம் ஆகியவற்றின் மேல் எந்த முத்திரையும் விழக்கூடாது. தாள் பயணம் செய்த காலத்தில் முத்திரையின் நிறமும் எழுத்தின் நிறமும் வேறு வேறாக இருந்ததால் வங்கி அலுவலர் பிரித்துப் பார்த்துவிடுவார். கறுப்பு வெள்ளைப் படத்தில் இரண்டும் ஒரே கறுப்பு.

இரண்டாம் படி: தொகுதியும் கூட்டுத்தொகையும்

காசோலைகளைத் தொகுதிகளாகப் பிரியுங்கள். ஒரு தொகுதிக்கு ஐம்பதுக்கு மேல் வேண்டாம். பிழை வந்தால் தேட வேண்டிய குவியல் சிறியதாக இருக்கட்டும். ஸ்கேனரைத் தொடும் முன்பே எண்ணிக்கையையும் மொத்தத் தொகையையும் தனியே கூட்டி எழுதிவையுங்கள். கருவி சொல்லும் மொத்தத்தை ஒப்பிட்டுப் பார்க்க உங்களிடம் வேறோர் எண் இருக்க வேண்டும். கருவி சொன்னதையே இரண்டாவது முறையும் கருவியிடம் கேட்பது சரிபார்ப்பு ஆகாது.

மூன்றாம் படி: ஸ்கேன்

அடுக்கைத் தட்டி ஓரங்களைச் சமப்படுத்தி, காந்த எழுத்து வரி அடியில் இருக்கும்படி, முன்பக்கம் கருவி காட்டும் திசையை நோக்கியபடி வையுங்கள். புதிய காசோலைகள் ஒன்றோடொன்று ஒட்டும். விசிறி போல் ஒருமுறை விரித்துவிட்டு அடுக்கினால் இரட்டைத் தாள் குறையும்.

தாள் சிக்கிக்கொண்டால் அவசரப்பட்டு இழுக்காதீர்கள். மூடியைத் திறந்து, எடுத்து, கடைசியாகத் திரையில் பதிவான காசோலை எது என்பதைப் பாருங்கள். சிக்கியது பதிவாகிவிட்டதா இல்லையா என்பதை உறுதி செய்யாமல் மீண்டும் நுழைப்பதால்தான் இரட்டைப் பதிவுகள் பெரும்பாலும் உண்டாகின்றன. தட்டில் விழுந்த தாள்களின் எண்ணிக்கையும் திரையில் உள்ள படங்களின் எண்ணிக்கையும் ஒன்றாக இருந்த பிறகு தொடருங்கள்.

படம் எப்படி எடுக்கப்படுகிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. சி.டி.எஸ். முறையில் ஒரு காசோலைக்கு மூன்று படங்கள்: முன்புறத்தின் சாம்பல் நிறப் படம், முன்புறத்தின் கறுப்பு வெள்ளைப் படம், பின்புறத்தின் கறுப்பு வெள்ளைப் படம். சாம்பல் நிறப் படம் 100 டிபிஐ (அங்குலத்துக்கு 100 புள்ளிகள்) அளவில், 256 நிற அடர்த்திகளோடு, ஜேபெக் வடிவில் இருக்கும். கறுப்பு வெள்ளைப் படங்கள் 200 டிபிஐ அளவில், டிஃப் வடிவில் இருக்கும். கறுப்பு வெள்ளையில் ஒவ்வொரு புள்ளியும் ஒன்று கறுப்பாக வேண்டும் அல்லது வெள்ளையாக வேண்டும். நடுவே எதுவும் இல்லை. இதனால் இரண்டு ஆபத்துகள் உண்டு. வெளிர் நிறப் பேனாவில் எழுதிய தொகை வெள்ளையாகி மறைந்துபோகலாம். காசோலையின் பின்னணி ஓவியம் அடர்த்தியாக இருந்தால் அதுவும் கறுப்பாகி எழுத்தை மூடிவிடலாம். படத்தில் நன்றாகப் பதியும் அடர்ந்த மையில் எழுதச் சொல்வதும், பின்னணியை வெளிர் நிறத்தில் அச்சிடச் சொல்வதும் இதற்காகத்தான்.

நான்காம் படி: வாசிக்கப்படாத எண்களைச் சரிசெய்தல்

கருவி புரிந்துகொள்ளாத எழுத்தின் இடத்தில் ஒரு கேள்விக்குறியோ வேறு குறியோ நிற்கும். படத்தைப் பார்த்து அதைத் தட்டச்சு செய்ய வேண்டும். ஓர் எண் தவறினால் காசோலை வேறு வங்கிக்கோ வேறு கணக்குக்கோ போகும். அதனால் எண் வரியின் ஒவ்வொரு பகுதியும் எதைச் சொல்கிறது என்பதைத் தெரிந்துவைத்துக்கொண்டு சரிசெய்யுங்கள்.

இந்தியக் காசோலையில் இடமிருந்து வலமாக: 6 இலக்கக் காசோலை எண், 9 இலக்க வங்கிக் குறியீடு, பிறகு கணக்குச் சார்ந்த 6 இலக்கங்கள், கடைசியில் 2 இலக்கப் பரிவர்த்தனைக் குறியீடு. ஒன்பது இலக்கக் குறியீட்டின் முதல் மூன்று நகரத்தையும், அடுத்த மூன்று வங்கியையும், கடைசி மூன்று கிளையையும் குறிக்கும். எனவே வங்கியின் பெயர் படத்தில் தெரிந்தால் நடு மூன்று எண்கள் சரியா என்று உடனே சொல்லிவிடலாம்.

வங்கியைக் குறிக்கும் அமெரிக்க வழிகாட்டு எண்ணிலும் (routing number) 9 இலக்கங்கள் உண்டு. ஆனால் அதில் கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கென்றே வைக்கப்பட்டது. 1, 4, 7ஆம் இலக்கங்களின் கூட்டலை 3ஆலும், 2, 5, 8ஆம் இலக்கங்களின் கூட்டலை 7ஆலும், 3, 6, 9ஆம் இலக்கங்களின் கூட்டலை 1ஆலும் பெருக்கி மொத்தம் கூட்டினால், விடை 10ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். பாஸ்டன் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் எண் 011000015. முதல் குழு 0. இரண்டாம் குழு 1, 0, 1, கூட்டினால் 2, ஏழால் பெருக்கினால் 14. மூன்றாம் குழு 1, 0, 5, கூட்டினால் 6. மொத்தம் 20. சரி. கடைசி 5 என்பதைக் கருவி 6 என்று படித்திருந்தால் மொத்தம் 21 ஆகி உடனே சிக்கிவிடும். ஏதேனும் ஓர் இலக்கம் மட்டும் தவறினால் இந்தக் கணக்கு அதைத் தப்பவிடாது. ஒரு காசோலைத் தாளின் அடியில் இப்படியொரு காவல் இருப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி வருகிறது.

ஐந்தாம் படி: தொகை

தொகையைக் கருவியே படிக்கும். எண்ணில் எழுதியதை ஒரு பகுதியும், எழுத்தில் எழுதியதை இன்னொரு பகுதியும் படித்து ஒப்பிடுகின்றன. அச்சிட்ட தொகை எளிது. கையெழுத்தில்தான் 1, 7 குழப்பமும், 0, 6 குழப்பமும் வருகின்றன. நம்பிக்கை குறைந்த இடங்களில் மென்பொருள் உங்களிடம் கேட்கும். கேட்காத இடங்களிலும் பெரிய தொகைகளை ஒருமுறை படத்தோடு ஒப்பிட்டுவிடுங்கள். எண்ணும் எழுத்தும் வேறுபட்டால் எழுத்தில் உள்ளதே செல்லும் என்பது இந்தியச் சட்டத்திலும் அமெரிக்கச் சட்டத்திலும் உள்ள விதி. இருந்தாலும் நடைமுறையில் அப்படிப்பட்ட காசோலையை வங்கிகள் பெரும்பாலும் திருப்பிவிடும். எழுதியவரைக் கேட்டுவிடுவது சிறந்தது.

ஆறாம் படி: படத்தின் தரம்

அனுப்பும் முன் மென்பொருள் ஒவ்வொரு படத்தையும் சோதிக்கும். சாய்ந்திருக்கிறதா, ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறதா, மூலை மடிந்திருக்கிறதா, மிகவும் வெளுத்தோ கறுத்தோ இருக்கிறதா, முன்புறமும் பின்புறமும் ஒரே அளவா, நீளக் கோடு ஓடுகிறதா என்றெல்லாம் பார்க்கும். ஆனால் அது வடிவத்தைத்தான் சோதிக்கிறது, பொருளை அல்ல. கையொப்பமே இல்லாத காசோலையின் தெளிவான படமும் இந்தச் சோதனையில் தேறும். அதனால் ‘தேர்ச்சி’ என்று திரை சொன்னதும் வேலை முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள்.

ஏழாம் படி: சமன் செய்து அனுப்புதல்

இரண்டாம் படியில் எழுதிவைத்த எண்ணிக்கையும் மொத்தமும் திரையில் உள்ளவற்றோடு ஒத்துப்போக வேண்டும். வித்தியாசம் வந்தால் அந்தத் தொகைக்கே ஒரு காசோலை இருக்கிறதா என்று பாருங்கள். விடுபட்டதோ இருமுறை ஏறியதோ அதுவாக இருக்கும். வித்தியாசம் 9ஆல் வகுபட்டால், அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். 540 என்பது 450 ஆகியிருந்தால் வித்தியாசம் 90. பழைய கணக்கர்களின் இந்த உத்தி இன்றும் தவறுவதில்லை.

சமனானதும் இரண்டாவது நபர் ஒப்புதல் தருகிறார். படங்களும் எண்களும் ஒரே கோப்பாகக் கட்டப்பட்டு, மறைகுறியாக்கம் செய்யப்பட்டுப் போகின்றன. வங்கிகளுக்கிடையே போகும் கோப்புக்கு அமெரிக்காவில் எக்ஸ்9.100-187 என்ற தரம் உண்டு. இந்தியாவில் வங்கியின் மின்னணுக் கையொப்பத்தோடு, வங்கிகளுக்கிடையே காசோலைகளைத் தீர்த்துவைக்கும் தீர்வகத்துக்குச் செல்கிறது. வந்து சேர்ந்ததற்கான ஒப்புகை எண்ணைப் பெற்றுப் பதிவு செய்யும்வரை வேலை முடியவில்லை.

அந்தப் பக்கத்தில் நடப்பது

தீர்வகம் கோப்பைப் பிரித்து அந்தந்த வங்கிக்கு அனுப்புகிறது. பணம் கொடுக்க வேண்டிய வங்கி, படத்தில் உள்ள கையொப்பத்தைத் தன்னிடம் உள்ளதோடு ஒப்பிட்டு, இருப்பைப் பார்த்து, ஏற்கிறது அல்லது திருப்புகிறது. இந்தியாவில் 2025 அக்டோபர் 4 முதல் இதில் பெரிய மாற்றம் வந்தது. அதுவரை காசோலைகள் தொகுதி தொகுதியாகத் தீர்க்கப்பட்டன. அன்று முதல் பகல் நேரத்தில், ஸ்கேன் ஆக ஆகவே தீர்வகத்துக்குப் போகின்றன. பணம் கொடுக்கும் வங்கி மாலை 7 மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே கொள்ளப்படும் என்பது இந்த மாற்றத்தின் முதல் கட்டத்துக்கு வைக்கப்பட்ட விதி. கிளையில் நாள் முழுக்கக் காசோலைகளைச் சேர்த்துவைத்து மொத்தமாக ஸ்கேன் செய்யும் பழக்கத்துக்கு இந்த ஏற்பாட்டில் இடமில்லை.

நிறுவனங்கள் இதை வேறு வகைகளிலும் பயன்படுத்துகின்றன. மாதந்தோறும் ஆயிரக்கணக்கான கட்டணக் காசோலைகள் வரும் நிறுவனம், அவற்றை நேரே வங்கியின் தபால் பெட்டிக்கு வரவழைக்கும். வங்கி காசோலையையும் அதோடு வந்த கட்டணச் சீட்டையும் சேர்த்து ஸ்கேன் செய்து, யார் எவ்வளவு கட்டினார் என்ற கோப்பை நிறுவனத்தின் கணக்கு மென்பொருளுக்கே அனுப்பிவிடும். அமெரிக்காவில் கடைக் கவுன்டரில் காசோலையை வாசித்து, அதை நேரடி மின்னணுப் பற்றாக மாற்றிவிட்டு, செல்லாதென்று முத்திரையிட்டு வாடிக்கையாளரிடமே திருப்பித் தரும் முறையும் உண்டு. இதற்கு உச்ச வரம்பு 25,000 டாலர்.

தாள் எங்கே போகிறது

எனக்கு மிகவும் கவலை தரும் இடம் இது. ஸ்கேன் ஆன காசோலை பார்ப்பதற்கு இன்னும் ஸ்கேன் ஆகாத காசோலை போலவே இருக்கிறது. நான் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்த காலத்தில், ஒரு நாள் அனுப்பிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போய்விட்டது. மீண்டும் வந்ததும் தொகுதி போகவில்லை என்று நினைத்து முழுவதையும் மறுபடி ஸ்கேன் செய்துவிட்டோம். முதல் முறையே போயிருந்தது. எங்களுக்குக் காசோலை கொடுத்தவர்களில் சிலருடைய கணக்கில் இரண்டு முறை பணம் எடுக்கப்பட்டது. ஒவ்வொருவராக அழைத்து மன்னிப்புக் கேட்டதும், அவர்களில் ஒரு முதியவர் மருந்து வாங்க வைத்திருந்த பணம் அது என்று சொன்னதும் இன்றுவரை எனக்கு மறக்கவில்லை. அதன் பிறகு, ஒப்புகை எண் கிடைத்த நொடியிலேயே ஒவ்வொரு காசோலையின் முன்புறமும் ‘ஸ்கேன் செய்யப்பட்டது’ என்ற சிறு முத்திரையை வெற்றிடத்தில் பதிக்கத் தொடங்கினோம். முத்திரை படத்தில் வரக்கூடாது என்பதற்காகவே அது ஸ்கேனுக்குப் பிறகு விழுகிறது.

வங்கிகளின் மென்பொருள் காசோலை எண், குறியீடு, கணக்கு, தொகை ஆகியவற்றைச் சேர்த்து இரட்டைப் பதிவுகளைத் தேடுகிறது. ஆனால் ஒரே காசோலை ஒரு வங்கியில் செல்பேசிப் படமாகவும், இன்னொரு வங்கியில் தாளாகவும் போனால் இரண்டு வங்கிகளுக்கும் தனித்தனியே சந்தேகம் வராது. அமெரிக்காவில் 2018 ஜூலையில் நடைமுறைக்கு வந்த விதிமாற்றத்துக்குப் பிறகு, செல்பேசி வைப்புக்கு மட்டும் என்று பின்புறம் எழுதச் சொல்லும் வழக்கம் பரவியது இதனால்தான்.

சி.டி.எஸ். முறையில் காசோலையைத் தாக்கல் செய்யும் வங்கி மூலத் தாளை 10 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். தொலைதூர வைப்பில் தாள் உங்களிடமே இருக்கும். ஒப்பந்தம் சொல்லும் காலம் வரை பூட்டிய பெட்டியில், தொகுதி எண் வரிசையில் வையுங்கள். காலம் முடிந்ததும் குறுக்குவாட்டிலும் வெட்டும் கருவியில் போட்டு அழித்துவிட்டு, அழித்த தேதியைப் பதிவு செய்யுங்கள். காசோலைத் தாளில் பெயர், கணக்கு எண், கையொப்பம் மூன்றும் இருக்கின்றன. குப்பைக்கூடையில் போடத்தக்கது அல்ல.

மோசடி: ஸ்கேனருக்குத் தெரிவதும் தெரியாததும்

படம் என்பது தாளின் தோற்றம் மட்டுமே. தொட்டுப் பார்க்கும் உணர்வும், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தெரியும் நீர்க்குறியும் படத்தோடு போவதில்லை. எனவே தாளைக் கையில் வைத்திருக்கும் கடைசி மனிதர் நீங்கள்தான். உங்களுக்குப் பின்னால் யாருக்கும் அந்த வாய்ப்பு இல்லை. சி.டி.எஸ்.-2010 தரத்தின்படி அச்சிட்ட காசோலையில் ‘சி.டி.எஸ். இந்தியா’ என்ற நீர்க்குறி இருக்கும். வங்கியின் சின்னம் கண்ணுக்குத் தெரியாத மையில் அச்சிடப்பட்டிருக்கும். புற ஊதா விளக்கில் மட்டும் ஒளிரும். நகல் எடுத்தால் செல்லாது என்ற சொல் மேலெழும் மறை அமைப்பும் உண்டு. வங்கிகளுக்குப் புற ஊதா விளக்குள்ள ஸ்கேனர் தேவை என்று நான் சொன்னதன் காரணம் இதுதான். வேதிப்பொருளால் எழுத்தைக் கழுவிவிட்டு வேறு தொகை எழுதப்பட்ட காசோலையிலும் அந்த விளக்கின் கீழ் கறை தெரிய வாய்ப்பு உண்டு.

எழுதுகிறவர் செய்யக்கூடிய சிறந்த காவல், காசோலையைக் கொடுத்த உடனே அதன் விவரங்களைத் தன் வங்கிக்குத் தெரிவித்துவிடுவது. இந்தியாவில் இந்த ‘பாசிட்டிவ் பே’ முறை 2021 ஜனவரி 1 முதல் 50,000 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள காசோலைகளுக்கு நடைமுறையில் இருக்கிறது. காசோலை எண், தேதி, பெறுநர், தொகை ஆகியவை படத்தோடு ஒத்துப்போகாவிட்டால் வங்கிக்கு எச்சரிக்கை வரும். நிறைய காசோலை எழுதும் நிறுவனம் இதைச் செய்யாமல் இருப்பதற்கு எனக்கு ஒரு நியாயமும் தெரியவில்லை.

திரும்பி வந்தால்

திரும்பிய காசோலைக்கு ஒரு காரணக் குறிப்பு வரும். படம் தெளிவில்லை என்றால் மறுபடி ஸ்கேன் செய்து அனுப்பலாம். பணம் போதவில்லை, கையொப்பம் வேறுபடுகிறது என்றால் எழுதியவரிடம் பேச வேண்டும். எதுவானாலும் அன்றே கணக்கில் வரவை நீக்கிவிடுங்கள். சட்ட நடவடிக்கைக்குத் திரும்பிய குறிப்பும் மூலத் தாளும் தேவைப்படும். இந்தியாவில் காசோலை திரும்பிய வழக்குகளுக்குக் கால வரம்புகள் கடுமையானவை.

சுத்தம்

ஸ்கேனரின் படத்தில் ஒரே இடத்தில் நீளக் கோடு தொடர்ந்து வந்தால் கண்ணாடியில் தூசி. எழுத்து வாசிப்பு திடீரென்று குறைந்தால் காந்தத் தலையில் மைத்துகள். இரட்டைத் தாள் அடிக்கடி போனால் உருளை தேய்ந்துவிட்டது. ஆல்கஹால் தோய்ந்த துப்புரவு அட்டையைக் காசோலை போலவே உள்ளே ஓடவிட்டால் முதல் இரண்டும் பெரும்பாலும் சரியாகும். வாரம் ஒருமுறை என்று தேதி குறித்துச் செய்யுங்கள். வேலை மிகுந்த கிளையில் நாள்தோறும் செய்யலாம். உருளைகளைத் தயாரிப்பாளர் சொல்லும் எண்ணிக்கைக்குப் பின் மாற்றிவிடுங்கள். அட்டையை ஓட்டிய பிறகு, செல்லாதென்று குறித்துவைத்த பழைய காசோலை ஒன்றைச் சோதனை முறையில் ஓட்டி, படத்தையும் எண் வரியையும் பார்த்துவிட்டு, அதன் பின் அன்றைய முதல் தொகுதியை அடுக்குங்கள்.